ஆவடி அண்ணன்

"உங்க அண்ணனுக்குச் சர்க்கரை இருக்குதா?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள்.

காசிநாதன் ஜன்னல் பக்கம் திரும்பினார். ரயில் பழையசீவரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் மடியில், மந்தாரை இலையில் கட்டிய இட்லி இன்னும் சூடாக இருந்தது. மிளகும் சுக்கும் நெய்யும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லி. அதை அவள் அவருக்குக் கொடுக்கவில்லை. அவருடைய அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், காசிநாதனுக்கு அண்ணனே கிடையாது. தம்பியும் கிடையாது. அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"இருக்குது... கொஞ்சம் இருக்குது" என்றார். இல்லையென்று சொன்னால் அடுத்த வாரம் அதிரசம் வந்துவிடுமோ என்று பயம்.

"அடடா, தெரியாம நெய்யை ஊத்திட்டேனே! ஒண்ணு மட்டும் குடுங்க. மீதிய நீங்க சாப்புடுங்க. வர்ற வாரம் அவருக்குன்னு வேற செஞ்சாறேன்."

அந்த அண்ணன் பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்த இடம் கோடம்பாக்கத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில்.

காசிநாதன், கூட்டுறவுப் பட்டுச் சங்கத்தின் கடையில் காலமெல்லாம் புடவை விரித்துக் காட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, செவிலிமேட்டில் மகன் சிவராஜ் கட்டிய புது வீட்டில் இருந்தார். சிவராஜும் மருமகள் அகிலாவும் நல்லவர்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார்கள். ராத்திரி "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் "ஆச்சு" என்பதுதான் பதில். சில நாட்களில் அவர் பேசிய மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாம்பலத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கத்தான் கிளம்பினார். அது சுற்று ரயில். காஞ்சிபுரத்தில் புறப்பட்டு, செங்கல்பட்டு, தாம்பரம் என்று நகரத்துக்குள் நுழைந்து, கடற்கரை நிலையத்தோடு நின்றுவிடாமல் அந்தப் பக்கம் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று வளைந்து மறுபடி காஞ்சிபுரத்துக்கே வந்து சேரும்.

"இந்த வண்டி யாருக்குப்பா உபயோகம்?" என்று அவருடைய பழைய சிநேகிதர் ராஜகோபால் அடிக்கடி சொல்வார். "கெளம்புன எடத்துக்கே வந்து சேர்றதுக்கு, வூட்லயே குந்திக்கினு இருக்கலாமே!"

காசிநாதனும் அப்படித்தான் நினைத்திருந்தார், எதிர் இருக்கையில் ரேணுகாம்பாள் வந்து உட்காரும் வரை. ஐம்பதைத் தாண்டிய வயது. அரக்கில் பச்சைக் கரை வைத்த புடவை. அவள் ஒரு ஆரஞ்சை உரித்து, கேட்காமலேயே பாதியை அவரிடம் நீட்டினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறி. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. சாயக்காரன் கலர் மாற்றிக் கொடுத்த கதை, பக்கத்து வீட்டுக்காரி கிளி வளர்த்த கதை. காசிநாதனும் பேசினார். பேசப் பேசத் தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. மாம்பலம் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

கோடம்பாக்கம் தாண்டியதும், "எதுவரைக்கும்மா போறீங்க?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் தயங்கி, "ஆவடி" என்றாள். "பொண்ணு வூடு. சத்யப்ரியான்னு பேரு. பேத்தி இருக்குது. அரக்கோணத்துப் பக்கமா போனா கிட்டதான். ஆனா அங்க வண்டி மாறணும், படி ஏறி எறங்கணும், மூட்டு ஒத்துக்கறதில்ல. இது ஏறிக் குந்துனா நேரா கொண்டுபோய் வுட்டுடுது. நீங்க?"

"நானும் ஆவடிதான்."

"அங்க யாரு?"

"அண்ணன்" என்றார் காசிநாதன்.

அப்படிப் பிறந்தவர்தான் அந்த அண்ணன். கலியாணசுந்தரம் என்று பெயரும் உடனே வைக்கவேண்டியதாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே வண்டி, அதே ஜன்னல். ஆவடியில் இறங்கி, அவள் ஒரு பக்கமாக நடந்து கண்ணிலிருந்து மறையும்வரை நிற்பார். பிறகு நடைமேடையில் ஒரு டீ குடித்துவிட்டு, டிக்கெட் எடுத்து, அடுத்த வண்டியில் அரக்கோணம் வழியாக வீடு வந்து சேர்வார். திங்கட்கிழமை காலை கண் விழித்ததும் அடுத்த ஞாயிறு எவ்வளவு தூரம் என்று மனசு அளக்கும். இதுவரை அவள் அவரை "அண்ணே" என்று கூப்பிடவில்லை. "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். வாரம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் ஓட்டிவிடுவார்.

இட்லிக்கு அடுத்த வாரம், சர்க்கரைக்கு என்று பாகற்காய்ப் பொரியல் வந்தது. ஒரு டப்பா நிறைய.

அதைத் தூக்கி எறிய காசிநாதனுக்குக் கை வரவில்லை. அவள் விடியற்காலையில் எழுந்து நறுக்கியிருப்பாள். ஆவடி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய ஒரு துண்டு விடாமல் தின்று தீர்த்தார்.

"அண்ணன் சாப்ட்டாரா?" என்றாள் அடுத்த ஞாயிறு.

"டப்பாவை வழிச்சு நக்கிட்டாரும்மா."

அவள் முகம் மலர்ந்தது. பைக்குள்ளிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தாள். "எனக்குத் தெரியும். அதான் இந்தவாட்டி சேர்த்தே செஞ்சாந்தேன். ஏங்க, அண்ணி இதெல்லாம் செஞ்சு தரமாட்டாங்களா?"

அண்ணி ஒருத்தி இருந்தால் அவளுக்கும் பெயர், ஊர், உடம்பு எல்லாம் வேண்டியிருக்கும். காசிநாதன் முந்திக்கொண்டார். "அண்ணி இல்லம்மா. போய்ச் சேர்ந்துட்டாங்க."

அதோடு தீர்ந்தது என்று நினைத்தார். ரேணுகாம்பாளின் கண் கலங்கிவிட்டது.

"அப்ப அந்த மனுஷன் தனியாவா குந்திக்கினு கெடக்குறாரு? யாரு பொங்கிப் போடறாங்க? நான் ஒரு நாளு வந்து குழம்பு வெச்சுக் குடுத்துட்டு வரேன். ஆவடிதானே, எனக்கென்ன தூரமா?"

"ஐயோ, வேணாம்மா. அவரு பயங்கர கோவக்காரரு."

"பசியில இருந்தா யாருக்குத்தான் கோவம் வராது?"

"இல்லம்மா... வூட்டுல இல்ல அவரு. ஆஸ்பத்திரில சேர்த்திருக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அவள் அரைப் பெட்டி திரும்பிப் பார்க்கும்படி, "ஆஸ்பத்திரியா!" என்றாள்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, யார் கூட இருக்கிறார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. பார்வையாளர்களை விடுவதில்லை என்று சொல்லித் தப்பித்தார். "சரி, நட்சத்திரமாவது சொல்லுங்க, அம்பாளுக்கு ஒரு அர்ச்சனை பண்றேன்" என்றாள். அவசரத்துக்குத் தன்னுடைய மக நட்சத்திரத்தையே கொடுத்தார். அந்த வாரம் காசிநாதனுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்தது.

அடுத்த ஞாயிறு, அர்ச்சனைக் குங்குமப் பொட்டலத்தை அவள் அவர் கையில் கொடுத்தாள். கடற்கரை நிலையத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. கூட்டம் இறங்கிப் பெட்டி காலியானது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"கடற்கரைன்னு போட்டுக்கினு இருக்கறாங்க. கடலு எங்கங்க?"

"இங்கேர்ந்து தெரியாதும்மா. துறைமுகம் மறைச்சுக்குது. பஸ் புடிச்சுப் போனா மெரீனா கிட்டதான்."

"கடலைப் பார்த்து எவ்ளோ வருஷம் ஆவுது! அவரு இருக்கசொல்ல ஒரு தபா கூட்டிக்கினு வந்தாரு. காலு நனைச்சேன். புடவையெல்லாம் மண்ணு." அவள் சிரித்தாள். பிறகு திரும்பாமலேயே சொன்னாள்: "ஒரு வாட்டி எறங்கிப் பார்த்துட்டுப் போலாமா?"

காசிநாதன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். எழுந்திருக்கவே போனார்.

அதற்குள் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, என் புத்தியைப் பாருங்க! உங்க அண்ணன் அங்க அந்த நெலமையில கெடக்குறாரு, நான் கடலு பாக்கக் கூப்புடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் பொண்ணு பார்த்துக்கினு இருப்பா."

வண்டி கிளம்பியது.

அன்றைக்குத்தான் காசிநாதனுக்கு அண்ணன் மேல் முதல் முறையாகக் கோபம் வந்தது. பாகற்காய் தின்ன வைத்தார், பொறுத்துக்கொண்டார். பெட்டியே திரும்பிப் பார்க்கவைத்தார், அதையும் பொறுத்தார். ஆனால் பிறக்காத ஒரு மனிதர் இப்படிக் கடலை மறைத்துக்கொண்டு படுத்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் வாலாஜாபாத் தாண்டியதும் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் போயிட்டாரும்மா" என்றார்.

கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, மெதுவாக மெரீனாவைப் பற்றிப் பேச்செடுப்பதாகத் திட்டம். ஆனால் ரேணுகாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்ம ஆரம்பித்துவிட்டாள். பெட்டியில் பாதிப் பேர் காஞ்சிபுரத்துக்காரர்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ காசிநாதனின் தோளைத் தட்டி, "மனசை வுட்டுடாதீங்க" என்றார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, இறந்தவருக்குப் பிள்ளைகள் உண்டா, கொள்ளி வைத்தது யார் என்று விசாரித்தாள். நகரம் முழுக்க அண்ணனுக்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டே ரயில் போனது. கடற்கரை நிலையம் வந்தபோது கடலைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வரவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ராஜகோபால் நின்றிருந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. எதிரில் அகிலா.

"ஸ்டேஷன்ல எல்லாரும் பேசிக்கினாங்கம்மா. நம்ம காசிநாதனோட அண்ணன் தவறிட்டாராமே? பாடிய எப்ப எடுத்தாங்க?"

"அங்கிள், மாமாவுக்கு அண்ணனே இல்லையே?" என்றாள் அகிலா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காசிநாதன் பக்கம் திரும்பினார்கள்.

"அது... ஒண்ணுவுட்ட அண்ணன்ப்பா" என்றார் ராஜகோபாலிடம். ராஜகோபாலை மாலையோடு தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, "வேற காசிநாதன்மா. பேரு ஒண்ணா இருந்துச்சா, இவன் குழம்பிட்டான்" என்றார் அகிலாவிடம்.

"அப்போ சண்டே சண்டே நீங்க எங்க போறீங்க மாமா?"

"ரயில்ல போயிட்டு வரேன்."

"எங்க?"

"எங்கயும் இல்லம்மா. சும்மா" என்றார். அவர் சொன்னதிலேயே அதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. அகிலா அதைத்தான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு ரேணுகாம்பாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "மீசை எடுக்கலியா? கூடப் பொறந்தவரு ஆச்சே?"

"பதினாறாம் நாளு எடுக்கலாம்னு..."

சனிக்கிழமை சலூனுக்குப் போய், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்த மீசையை எடுத்துவிட்டு வந்தார். கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ போல் இருந்தது. காரியத்துக்காக ஆவடி போவதாக ரேணுகாம்பாளிடம் சொல்லியிருந்ததால் அந்த ஞாயிறும் போக முடிந்தது. அவள் பாயசத்துக்கு வெல்லம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

காரியமும் முடிந்தது. அப்போதுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது காசிநாதனுக்கு முழுதாகப் புரிந்தது. அண்ணன் போன பிறகு ஆவடியில் அவருக்கு என்ன வேலை? இனி எந்த முகத்தோடு அந்த வண்டியில் ஏறுவது? அண்ணனைக் கொன்றபோது, தான் ஏறிப் போகிற வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார். அந்த வாரம் ராத்திரிகளில் அகிலா கேட்கும் கேள்விக்கு "ஆச்சு" என்றுகூட அவருக்குச் சொல்ல வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இருந்தும் ஞாயிறு காலை கால்கள் தாமாகவே ஸ்டேஷனுக்குப் போயின.

ரேணுகாம்பாள் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை, துக்கம் விசாரிக்கும் முகமாக உடனே மாற்றிக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? இனிமே வரமாட்டீங்களோன்னு நெனச்சேன்."

"அண்ணன் வூட்டைக் காலி பண்ணணும்மா. அதான்."

"ஆமா, ஆமா. ஒரு குடும்பத்துச் சாமான் செட்டு. ஒரே நாள்ல ஆவுற காரியமா? வாரத்துக்குக் கொஞ்சமா எடுத்துக்கினு வாங்க. அவசரமே இல்ல. பாத்திரமெல்லாம் தனியா, துணியெல்லாம் தனியா... கட்டிலு வேற இருக்கும்."

இத்தனை வாரமும் கேள்வி வந்தவுடன் ஒரு பதிலைச் சொல்லி அடைத்துப் பழகிவிட்ட வாய். காசிநாதன் யோசிப்பதற்குள் அது சொல்லிவிட்டது: "இல்லம்மா, ஒரே லாரில ஏத்தி அனுப்பியாச்சு. இன்னிக்கு சாவி குடுத்துட்டா முடிஞ்சுது."

"அப்டியா" என்றாள் ரேணுகாம்பாள்.

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாம்பலத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறி, பாடி, இறங்கிப் போனது. கடற்கரை நிலையத்தில் வண்டி நின்றபோது இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று காசிநாதன் தவித்தார். சாவி கொடுக்கப் போகிற ஆள் கடலுக்கு எப்படிக் கூப்பிடுவது? வண்டி கிளம்பிவிட்டது.

வில்லிவாக்கம் தாண்டியதும் அவளே பேசினாள். "எங்க மருமவனுக்கு டில்லிக்கு மாத்தலாயிடுச்சு. இந்த வாரமே போறாங்க."

"பொண்ணு, பேத்தி?"

"எல்லாரும்தான். இனிமே எனக்கும் ஆவடில ஒண்ணும் இல்ல." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நல்லதாப் போச்சு. மூட்டு வலிக்கு இவ்ளோ தூரம் வர்றது செரமமாத்தான் இருக்குது."

காசிநாதனுக்கு டில்லிக்காரர்கள் மேல் அர்த்தமில்லாமல் ஆத்திரம் வந்தது. காஞ்சிபுரத்திலேயே அவளைப் போய்ப் பார்க்கலாம்தான். என்ன சொல்லிப் பார்ப்பது? பிள்ளையார்பாளையத்தில் ஒரு அம்மாவின் வீட்டுக் கதவை, மீசை எடுத்த ஒரு கிழவன் எந்தச் சாக்கில் தட்டுவது? ரயிலில் உட்கார இடம் வேண்டுமே என்று எதிரில் உட்கார்ந்துவிடலாம். ஊருக்குள் அப்படி முடியாது.

ஆவடி வந்தது. இறங்கினார்கள். சிக்னல் விழாமல் வண்டி அங்கேயே நின்றது.

"வரட்டுமா?" என்றாள்.

"போய்ட்டு வாங்கம்மா. மூட்டுக்கு ஒத்தடம் குடுங்க."

"நீங்க மீசைய திரும்ப வெச்சுக்கோங்க. அதான் நல்லாருந்துச்சு."

அவள் நடைமேடையில் முன்பக்கமாக நடந்து கூட்டத்துக்குள் போனாள். பச்சைக் கரை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. காசிநாதன் நின்றார். இன்றைக்கு டீ வேண்டாம், டிக்கெட் கவுண்ட்டருக்கு நடக்கவும் தோன்றவில்லை. வண்டி ஊதியது. அவர் இறங்கின பெட்டியிலேயே மறுபடி ஏறி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திருநின்றவூர் போயிற்று. வேப்பம்பட்டு போயிற்று. ஜன்னலுக்கு வெளியே வயல்களும், மனை விற்பனைக் கொடிகளும் ஓடின. அவர் எதையும் பார்க்கவில்லை.

"சார், டிக்கெட்."

கறுப்புக் கோட்டுப் போட்ட இளம்பெண். முன் பெட்டியில் பார்த்துவிட்டு, வண்டி நின்றபோது இறங்கி இந்தப் பெட்டியில் ஏறியிருந்தாள். காசிநாதன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இது ஆவடியோட முடிஞ்சுது சார். எங்க போறீங்க?"

"காஞ்சிபுரம்."

"காஞ்சிபுரத்துலேர்ந்துதான் வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா."

"ஆவடில இறங்கலையா?"

"எறங்கினேன். திரும்ப ஏறிட்டேன்."

"ஏன் சார்?"

பழக்கத்தில் வாய் திறந்தது. அண்ணன், காரியம், சாவி, லாரி எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. திடீரென்று அவருக்கு எல்லாமே அலுத்துவிட்டது.

"எனக்கு அண்ணனே கிடையாதும்மா" என்றார்.

பரிசோதகருக்கு ஒன்றும் புரியவில்லை. காசிநாதன் நிறுத்தவில்லை. மூக்குக்கண்ணாடியில் ஆரம்பித்து, ஆரஞ்சு, இட்லி, பாகற்காய், அர்ச்சனை, கடற்கரை, மாலை, மீசை என்று ஒன்று விடாமல் சொன்னார். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம், ஓடுகிற ரயிலில், கண் துடைக்கவும் மறந்து சொன்னார்.

"ஆவடில எனக்கு ஒரு ஈ காக்கா தெரியாதும்மா. அந்தம்மா எதிர்ல குந்திக்கினு பேசிக்கினு வர்றதைக் கேக்கணும், அவ்ளோதான். அதுக்காக ஒருத்தரைப் பெத்து, வளர்த்து, சாகடிச்சும் புட்டேன். இப்ப அவங்க பொண்ணும் டில்லிக்குப் போவுது. இனிமே அவங்க வரமாட்டாங்க." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அபராதம் போடும்மா. கட்டிடறேன்."

அந்தப் பெண் ரசீதுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. எதிர் இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அடுத்த ஸ்டேஷன்ல என்கூட இறங்கி முன்னாடி லேடீஸ் பெட்டி வரைக்கும் வாங்க சார்" என்றாள். "அங்க ஒரு அம்மா, இதே ஆவடி டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு இப்பதான் எங்கிட்ட அழுதாங்க, அவங்களுக்குப் பொண்ணே கிடையாதாம்."